தீப்பாசி

ஊத்துக்கானலில் பங்குனி மாதம் எரிந்த மலைச்சரிவில் வைகாசி மாதம் பாசி படர்ந்தது. ஆனி மாதம் அதே பாசி நான்கு ஆண்களின் கைவிரல்களில் முளைத்தது. முதலாவது நடந்தபோது ஊர் சந்தோஷப்பட்டது. இரண்டாவது நடந்தபோது ஊர் ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தது.

கடையின் விற்பனையாளர் போதுமணி. நான்கு பெண்களுக்குப் பிறகு ஐந்தாவதும் பெண்ணாகப் பிறந்ததால், சாமியின் காதில் விழட்டும் என்று அவளுக்கு அந்தப் பெயரை வைத்திருந்தார்கள். ஏழெட்டு வருடமாக ஊரில் ஒவ்வொருவரின் கட்டைவிரலையும் பிடித்து கைரேகை மெஷினில் வைத்து அழுத்தி வந்தவள் என்பதால், முகத்தை நிமிர்ந்து பார்க்காமலே விரலைக் கொண்டு ஆளைச் சொல்லிவிடுவாள். மிளகு பறிக்கிற விரல் எது, பால் கறக்கிற விரல் எது, வேலை இல்லாமல் வீட்டில் இருக்கிற விரல் எது என்று அவளுக்குத் தெரியும். அன்றைக்கு வரிசையில் முதலாவதாக நின்றவர் மூக்கையா. எழுபது வயது, நாற்பது ஆடு வைத்திருப்பவர். அவர் விரலை மெஷின் ஏற்கவில்லை. வேட்டியில் துடைத்துவிட்டு வைத்தார், அப்போதும் ஏற்கவில்லை. போதுமணி விரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். கட்டைவிரலின் உள்பக்கத்திலும் அதற்கு எதிரே ஆள்காட்டி விரலின் நுனியிலும் பச்சை வெல்வெட் துணியைக் கத்தரித்து ஒட்டியதுபோல் பாசி இருந்தது.

"என்ன மாமா இது?"

"தெரியலத்தா. சுரண்டுனா வந்துருது. மறுநா விடிஞ்சா திரும்ப இருக்கு."

"இடது கையை வைங்க."

இடது கையிலும் இருந்தது. கட்டைவிரலில் கொஞ்சம், நடுவிரலில் கொஞ்சம். வலது கையில் இருந்தது தீக்குச்சியைப் பிடிக்கிற இடம், இடது கையில் இருந்தது தீப்பெட்டியைப் பிடிக்கிற இடம். வரிசையில் நின்ற முப்பது பேரும் எட்டிப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு முப்பது பேரும் இந்த வருடம் மழை எப்படி இருக்கும் என்று பேசத் தொடங்கினார்கள்.

அடுத்த இரண்டு நாளில் அண்ணன் தம்பிகளான காசிக்கும் தவசிக்கும் அதே விரல்களில் அதே பாசி இருப்பதை மெஷின் சொன்னது. நான்காவது ஆள் யார் என்று மெஷின் சொல்ல வேண்டியிருக்கவில்லை. போதுமணியின் கணவன் சங்கிலி, ஊருக்கும் அடிவாரத்துக்கும் ஜீப் ஓட்டுகிறவன், விரலில் வெட்டுக்காயம் என்று சொல்லி மூன்று நாளாக ஸ்பூனால் சோறு தின்றுகொண்டிருந்தான்.

ஊத்துக்கானலில் வருடா வருடம் கோடையில் சரிவைக் கொளுத்துவது வழக்கமாக இருந்தது. காய்ந்து நிற்கிற சுக்குநாறிப் புல் எரிந்தால் முதல் மழைக்கே தளிர்ப்புல் வரும், மாடும் ஆடும் மேயும், பால் கூடும். யார் கொளுத்தினார்கள் என்று யாரும் கேட்டதில்லை. சரிவு எரிந்தது என்று மட்டுமே சொல்வார்கள், மழை பெய்தது என்று சொல்வதுபோல. வனத்துறை குருவையாவை தீக்காவலுக்கு வைத்த பிறகு நான்கு கோடைகள் அது நடக்கவில்லை. அவரும் அந்த ஊர்தான். ஊர் அவரை வாட்சர் என்று கூப்பிட்டது. சரிவின் அடியில், காட்டோரமாக, துறை அனுமதித்த ஒரு வீட்டில் மனைவி ராக்குவோடு இருந்தார். கோடை முழுவதும் கையில் பச்சைக்கிளையும் மண்வெட்டியுமாக மலையில் திரிந்தார். தின்ன வேண்டிய புல்லைத் தின்ன விடாமல் ஒரு மனிதன் உட்கார்ந்திருக்கிறான் என்று ஊர் நினைத்தது, ஆனால் அவரிடம் முகம் கொடுத்தே பேசியது.

ஐந்தாவது கோடையில், பங்குனி மாதம் ஒரு மதியம், குருவையா சோறு தின்னக் கீழே இறங்கிய நேரத்தில் நான்கு பேர் வண்டிப்பாதை வழியாக மேலே ஏறினார்கள். பாறை வரைக்கும் எரிந்து நின்றுவிடும் என்று கணக்குப் போட்டார்கள். புகையைப் பார்த்ததும் குருவையா சோற்றுக் கையோடு எழுந்து ஓடினார். தீ சோலைக்குள் போகாமல் இருக்க, தீக்கும் காட்டுக்கும் நடுவே புல்லைச் செதுக்கி மண்ணை வெறுமையாக்கித் தீக்கோடு போட ஆரம்பித்தார். பாதிக் கோடு போட்டபோது காற்று திரும்பியது. சாயங்காலம் அவரைக் கண்டுபிடித்தபோது மண்வெட்டியின் கைப்பிடி எரிந்துபோயிருந்தது. சரிவின் அடியில் இருந்த அவர் வீடும் எரிந்துபோயிருந்தது. சோலை எரியவில்லை.

போலீஸ் வந்து விசாரித்தபோது, வாட்சர் பீடியைப் பற்றவைத்துக் கவனக்குறைவாகப் போட்டிருப்பார் என்று பஞ்சாயத்துத் தலைவர் அய்யாவு சொன்னார். பதினெட்டுப் பேர் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அந்தப் பதினெட்டில் போதுமணியும் உண்டு. அன்றைக்கு மதியம் தன் கணவன் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தான் என்று அவள் எழுதிக்கொடுத்தாள். உண்மையில் அன்றைக்கு அவன் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த தீப்பெட்டியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டான். "உலை வைக்கணும், அதை எங்க கொண்டு போறீங்க?" என்று அவள் கேட்டாள். "இந்தா வந்துருவேன்" என்று அவன் போனான்.

காட்டைக் கொளுத்தினவர் என்று குருவையாவின் பெயர் காகிதத்தில் ஏறிவிட்டதால், எரிந்த இடத்தில் வீடு கட்டிக்கொள்ள ராக்குவுக்கு அனுமதி கிடைக்கவில்லை. பள்ளிக்கூடத்தின் பழைய சமையலறையில், அரிசி மூட்டை வைக்கிற மூலையில் அவள் பாயைப் போட்டுக்கொண்டாள். நாற்பத்தைந்து வயது. யாரையும் சபிக்கவில்லை, யார் வீட்டு வாசலிலும் போய் நிற்கவில்லை. மேலே மேலே மனுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அந்தப் பாசியும் புதிதாக வந்ததல்ல. செங்கல் சூளை பிரித்த இடத்தில் அது இருக்கும், கரிமூட்டம் போட்ட குழியில் இருக்கும், ஆட்கள் நடந்து நடந்து தேய்ந்த ஒற்றையடிப் பாதையின் ஓரத்தில், சாக்கடையை ஒட்டிய மண்ணில், பூந்தொட்டியில், ஓட்டுச் சந்தில், எங்கே மண் அம்மணமாகக் கிடக்கிறதோ அங்கேயெல்லாம் ஒரு விரற்கடை உயரத்தில் தலையைத் தூக்கிக்கொண்டிருக்கும். அதற்கு வேர் கிடையாது, மயிர்போன்ற நூல்களால் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். வெயிலில் காய்ந்து பழுப்பு நூலாகச் சுருண்டு செத்ததுபோல் கிடக்கும், ஒரு தூறல் விழுந்தால் வெற்றிலை போட்டு மெல்லுகிற நேரத்துக்குள் பச்சையாக எழுந்துகொள்ளும். அதன் விதைத்தூள் கண்ணுக்குத் தெரியாமல் உலகத்தின் எல்லாக் காற்றிலும் எப்போதும் பறந்துகொண்டேயிருக்கிறது. எரிந்த மண் எங்கே என்று தேடுவதில்லை, எரிந்த மண் வரும்வரை பறக்கிறது, அவ்வளவுதான். சாம்பல் என்றால் அதற்கு உயிர். எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து, கருகின மண் மழையில் கரைந்து போகாமல் பிடித்து வைத்திருந்து, புல்லும் செடியும் வந்த பிறகு இடத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விடும். வைகாசி மழையில் ஊத்துக்கானல் சரிவு முழுவதும் அது பச்சைப் பாயாகப் படர்ந்து, ஒவ்வொரு தலையிலும் ஒரு செம்புக் காம்பும் காம்பின் முனையில் குனிந்த ஒரு சிறு குடமுமாக நின்றபோது, மலை திரும்பி வருகிறது என்று ஊர் சொன்னது. குழந்தைகள் மேலே போய் வெறுங்காலில் ஓடினார்கள். அப்போது அதற்குப் பெயர் வெறும் பாசி. ஆனிக்குப் பிறகுதான் தீப்பாசி என்று ஆனது.

முதலில் ஊர் அதை ஒரு வியாதியாக ஏற்றுக்கொண்டது. சுகாதார நிலையத்து நர்ஸ் படர்தாமரைக்குப் போடுகிற களிம்பைக் கொடுத்தார். பாசி களிம்பைக் குடித்துவிட்டுச் செழிப்பாக இருந்தது. காசி பெட்ரோலில் கை கழுவினான். தவசி அம்மியில் விரலைத் தேய்த்து ரத்தம் வரவைத்தான். காயம் ஆறியதும் ஆறின தோலின் மேல் பாசி இன்னும் அழகாக வந்தது. சோறு பிசையும்போது அது ஈரம் பட்டு விரிந்தது, வெயிலில் காய்ந்து சுருங்கியது, ஆடி மாதம் பிறந்ததும் செம்புக் காம்புகளை நீட்டியது. பிறகு ஊர் அதை ஒரு அரசாங்கக் காரியமாக ஏற்றுக்கொண்டது. கைரேகை விழாத அட்டைதாரர்கள் நான்கு பேர் என்று போதுமணி தாலுகா ஆபீசுக்கு எழுதினாள். இரண்டு வாரத்தில் கருவிழியைப் பார்க்கிற மெஷின் ஒன்று வந்தது. நான்கு பேரும் கண்ணைக் காட்டி அரிசி வாங்கிப் போனார்கள். கண்ணில் ஒன்றும் முளைக்கவில்லை.

ஆனால் நான்கு பேர் கை மட்டும் அப்படி இருப்பதை ஊரால் தாங்க முடியவில்லை. யாரும் ஒன்றும் சொல்லாதிருந்ததே சத்தமாக இருந்தது. டீக்கடையில் மூக்கையா தம்ளரை நீட்டினால் பேச்சு நின்றது. ராக்கு தெருவில் நடந்து வந்தால் நான்கு ஆண்கள் இடுப்புக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டார்கள், அதைப் பார்த்து மற்றவர்களும் கட்டிக்கொண்டார்கள். ஆடி முதல் வெள்ளிக்கிழமை அய்யாவு கோயிலில் நின்று, அம்மன் தன் கனவில் வந்தது என்றும், ஊரில் பெரியவர் சிறியவர் எல்லோரும் இரண்டு கையிலும் மஞ்சள் துணி சுற்றிக்கொள்ள வேண்டும் என்று கேட்டது என்றும், எப்போது அவிழ்ப்பது என்று பிறகு சொல்வதாகச் சொல்லிப் போனது என்றும் அறிவித்தார். ஊர் நன்றியோடு கேட்டுக்கொண்டது.

அன்று முதல் ஊத்துக்கானலில் வெறுங்கையைப் பார்ப்பது அரிதாயிற்று. மஞ்சள் துணிக் கையோடு மாடு கறந்தார்கள், மஞ்சள் துணிக் கையோடு மிளகு பறித்தார்கள், பிள்ளைகள் மஞ்சள் துணிக் கையால் வாய்ப்பாடு எழுதி வாத்தியாரிடம் கிறுக்கல் என்று திட்டு வாங்கினார்கள், ஆவணியில் கீழ்த்தெருவில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை மஞ்சள் துணிக் கையால் தாலி முடிச்சுப் போடத் தெரியாமல் தடுமாறி, ஐயர் முடிச்சைப் போட்டுவிட்டார் என்று ஊரே சிரித்தது. துணி நனைந்தால் மாற்றுத் துணி, கல்யாணத்துக்குப் பட்டுத் துணி, சாவு வீட்டுக்குப் பழந்துணி என்று அதற்கும் ஒரு முறை வந்துவிட்டது. புதிதாக ஊருக்கு வந்தவர்கள் கேட்டால், இது எங்கள் வழக்கம் என்றார்கள், நூறு வருடமாக இருப்பதுபோல. ராக்கு மட்டும் சுற்றிக்கொள்ளவில்லை. அவளுடைய இரண்டு வெறுங்கைகளும் தெருவில் போகும்போது, பார்க்கக் கூடாத ஒன்றைப் பார்த்ததுபோல் ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

போதுமணியும் துணி சுற்றியிருந்தாள். தினமும் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு அவிழ்த்துப் பார்ப்பாள். இரண்டு கையும் சுத்தமாக இருக்கும். பொய் எழுதின கை, பேனா பிடித்த இடம், எங்கேயும் ஒரு பச்சைப் புள்ளி இல்லை. பாசிக்குத் தீயைத்தான் தெரியும், பொய்யைத் தெரியாது என்று அவளுக்குப் புரிந்தபோது நிம்மதி வர வேண்டும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. பாசி வந்திருந்தால் அதுவே சொல்லிவிட்டது என்று சும்மா இருந்திருக்கலாம்.

ஆடி நடுவில் மனு பலித்தது. புரட்டாசியில் கோட்டாட்சியர் நேரில் வந்து மறுவிசாரணை செய்வார் என்று கடிதம் வந்தது. ஊருக்குப் பயம் பிடித்தது. சரிவில் இருக்கிற பாசிதான் கையில் இருக்கிறது, தாய் போனால் பிள்ளையும் போய்விடும் என்று யாரோ சொன்னார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மண்வெட்டியும் கூடையுமாக எண்பது பேர் மேலே ஏறி, சாயங்காலத்துக்குள் பாதிச் சரிவைச் சுரண்டி எடுத்து ஓரத்தில் குவித்தார்கள். கையில் இருந்த பாசிக்கு ஒன்றும் ஆகவில்லை. புதன்கிழமை கனமழை பெய்தது. பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாத சாம்பல் மண் கரைந்து, ஊர்க் குழாய்க்குத் தண்ணீர் வரும் ஊற்றில் இறங்கியது. ஒன்பது நாள் குழாயில் கறுப்புத் தண்ணீர் வந்தது. சோறு கறுப்பாக வெந்தது, குழந்தைகள் வாந்தி எடுத்தார்கள், வெளுத்த வேட்டி கறுப்பாகக் காய்ந்தது. குருவையா எரிந்த சாம்பலைக் குடிக்கிறோம் என்று எல்லோருக்கும் தோன்றியது, துணியில் வடிகட்டிக் குடித்தார்கள்.

பத்தாம் நாள் காலை, ஊற்றுக்கண்ணைப் பார்க்க மேலே போன போதுமணி, சரிவில் ராக்கு தனியாகக் குனிந்திருப்பதைப் பார்த்தாள். சுரண்டிக் குவித்திருந்த பாசியைப் பாளம் பாளமாக எடுத்து, வெறும் மண்ணில் பச்சை மேலே இருக்கும்படி வைத்து, பாதத்தால் அழுத்திக்கொண்டிருந்தாள். இருபது அடி அகலத்துக்கு வைத்து முடித்திருந்தாள். வைத்த இடத்தில் தண்ணீர் தெளிவாக இறங்கியது.

போதுமணி பக்கத்தில் போனாள். பிறகு கைத்துணியை அவிழ்க்காமலே ஒரு பாளத்தை எடுத்து வைத்தாள்.

"தலைகீழா வைக்கிற," என்றாள் ராக்கு. "மண் பக்கம் கீழ இருக்கணும். அமுக்கி விடு. காத்து நின்னா காஞ்சு போயிரும்."

"யாரு மதினி சொல்லிக் குடுத்தா?"

"அவருதான். எங்கெங்க எரியுதோ அங்கெல்லாம் இதைத்தான் மொதல்ல பாப்பாரு. இது வந்துருச்சுன்னா அன்னைக்கு ரெண்டு வாய் சோறு கூட உள்ள போகும்." அடுத்த பாளத்தை எடுத்தாள். நிமிராமலே கேட்டாள். "போதுமணி, அவரு பீடி குடிச்சு நீ பாத்திருக்கியா?"

போதுமணியின் கையில் இருந்த பாளம் உடைந்து விழுந்தது.

"இல்ல மதினி."

"ஊருல யாராச்சும் பாத்திருக்காங்களா?"

"இல்ல."

ராக்கு அதற்கு மேல் கேட்கவில்லை. உடைந்த துண்டுகளைப் பொறுக்கி, ஒன்றோடு ஒன்று சேர்த்து வைத்து மிதித்தாள். கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று போதுமணி நினைத்தாள்.

விசாரணைக்கு முந்தின நாள் மதியம் சங்கிலி ஜீப்பை நிறுத்திவிட்டு வந்து, கொல்லையில் உட்கார்ந்து துணியை அவிழ்த்துக் கை கழுவினான். தண்ணீர் பட்டதும் பாசி விரல்களில் விரிந்து எழுந்தது. அவன் அதை வெறுப்போடு பார்க்கவில்லை, பழகிப்போயிருந்தது.

"நாளைக்கு என்ன கேட்டாலும் முன்னாடி எழுதுனதுதான்னு சொல்லு. கையெழுத்துப் போட்டுட்டு வந்துரு."

"வாட்சரண்ணன் பீடி குடிக்க மாட்டாரு," என்றாள் போதுமணி.

"செத்தவருக்கு இனி என்ன புள்ள?"

"மதினி உசுரோட இருக்காங்க. சமையக்கட்டு மூலையில படுத்துக் கிடக்காங்க."

அவன் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தான். "வேணும்னா செஞ்சோம்? அவரு மேல ஏறுறதைப் பாத்து நாலு பேரும் கத்துனோம். போகாதீங்க வாட்சரே, விடுங்க எரியட்டும்னு தொண்டை கிழியக் கத்துனோம். கேக்கலையா, கேட்டும் போனாரான்னு தெரியல. தினமும் அதுதான் ஓடுது மண்டைக்குள்ள."

"அதையாச்சும் மதினிகிட்ட சொல்லலாம்ல?"

"சொன்னா ஜெயிலு." துணியை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தான். "காசி ரேஞ்சர் ஆபீசுல கேட்டுட்டு வந்துட்டான். சாம்பல்ல இருக்கிற சத்து தீந்தா இது தானா போயிருமாம். ரெண்டு வருசம், மிஞ்சிப்போனா மூணு. பொறுத்திருந்தாப் போதும்."

அவன் பல்லால் கடித்து முடிச்சை இறுக்கினான். போதுமணி அவன் முகத்தைப் பார்த்தாள். பதினாறு வருடம் கூட வாழ்ந்த முகம். அவள் காய்ச்சலில் கிடந்தபோது அடிவாரத்துக்கு ராத்திரியோடு ராத்திரியாக ஜீப் ஓட்டிக்கொண்டு போனவன், வழியில் முயல் குறுக்கே வந்தால்கூட நிறுத்துகிறவன். மூன்று வருடம் பொறுத்திருந்து அவனோடு சோறு தின்ன முடியுமா என்று அவள் தனக்குள் கேட்டுப் பார்த்தாள். முடியும் என்றே தோன்றியது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

மறுநாள் பள்ளிக்கூடத்துக் கூடத்தில் கோட்டாட்சியர் மேசை போட்டு உட்கார்ந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி, மூக்குக்கண்ணாடி, பக்கத்தில் ஒரு எழுத்தர். சுவரோரமாகப் பெஞ்சில் ராக்கு இருந்தாள். கூடம் முழுக்க மஞ்சள் கைகள். கோட்டாட்சியர் அதைப் பார்த்து, ஊர்த்திருவிழாவா என்று கேட்டார். ஆமாம் என்றார் அய்யாவு. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, பழைய வாக்குமூலத்தை எழுத்தர் படிக்க, சரிதான் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். துணியோடு பேனாவைப் பிடிப்பதில் ஊர் தேறியிருந்தது. ஆறாவதாக மூக்கையா வந்தார். அவருக்குக் கையெழுத்துத் தெரியாது.

"துணியை அவிழுங்க பெரியவரே. கைநாட்டு வைக்கணும்."

கூடத்தில் மஞ்சள் கைகள் எல்லாம் முதுகுக்குப் பின்னால் போயின. மூக்கையா அய்யாவுவைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார், பிறகு அவிழ்த்தார். பச்சையாக, செம்புக் காம்புகளோடு, அது எல்லோர் கண்முன்னாலும் இருந்தது. எழுத்தர் இடது கட்டைவிரலைப் பிடித்து மைப்பெட்டியில் அமுக்கிக் காகிதத்தில் வைத்தார். பாசி மையைக் குடித்துவிட்டிருந்தது. காகிதத்தில் ஈரம் மட்டும் பட்டது. மறுபடி அமுக்கினார். வலது விரலையும் அமுக்கிப் பார்த்தார். கோட்டாட்சியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"தோல் வியாதியா? நல்ல டாக்டரைப் பாருங்க," என்றார். எழுத்தரிடம், "ரேகை தெளிவில்லைன்னு எழுதி, ரெண்டு சாட்சி கையெழுத்து வாங்கிக்குங்க. அடுத்து?" என்றார்.

அவ்வளவுதான். ஆறு மாதம் ஊர் மூடி மூடி வைத்தது வெட்டவெளிச்சமாகிவிட்டது, அதற்கு ஒரு வரி எழுதி முடித்துவிட்டார்கள். கூடத்தில் கைகள் மறுபடி முன்னால் வந்தன. யாரோ சன்னமாகச் சிரிக்கக்கூடச் செய்தார்கள். போதுமணி ராக்குவைப் பார்த்தாள். அவள் மடியில் இருந்த தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போதுமணி, கணவர் பெயர் சங்கிலி."

அவள் மேசைக்கு வந்தாள். எழுத்தர் படித்தார்: சம்பவத்தன்று மதியம் என் கணவர் சாப்பிட்டுவிட்டு வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். "சரிதானேம்மா? இங்க கையெழுத்து."

ஜன்னலுக்கு வெளியே ஜீப்பின் மேல் சாய்ந்து சங்கிலி நின்றான். போதுமணி கைத்துணியை அவிழ்த்தாள். யாரும் அவிழ்க்கச் சொல்லவில்லை. இரண்டு கைகளும் வெள்ளையாகச் சுருங்கி, ஒன்றும் முளைக்காமல் இருந்தன. பேனாவை வாங்கி மேசைமேல் வைத்தாள்.

"அம்மா, நான் எழுதிக் குடுத்தது பொய்."

"போதுமணி," என்று அய்யாவு எழுந்தார், "மேலுக்குச் சரியில்லன்னா உக்காரு, அப்புறம் பேசிக்கலாம்."

"அவங்க பேசட்டும்," என்றார் கோட்டாட்சியர்.

"அவரு தூங்கல. அடுப்புப் பக்கத்துல இருந்த தீப்பெட்டியை எடுத்துட்டுப் போனாரு. நாலு பேரு வண்டிப்பாதையில ஏறுனாங்க. கொஞ்ச நேரத்துல புகை வந்துச்சு."

"தீ வச்சதை நீங்க பாத்தீங்களா?"

"பாக்கல. வந்ததும் சட்டையைத் துவைக்கப் போட்டாரு. மூணு தண்ணி மாத்துனேன், புகை நாத்தம் போகல. வாட்சரண்ணன் பீடி குடிக்க மாட்டாரு அம்மா. இங்க இருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும்."

எழுத்தரின் பேனா காகிதத்தில் ஓடுகிற சத்தம் கேட்டது. யார் அந்த நாலு பேர் என்று கோட்டாட்சியர் கேட்டார். அவள் ஜன்னலைப் பார்த்தாள். அவளுக்கு முதல் பெயர் வாயில் வரவில்லை.

அப்போது மூக்கையா நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்தார். ராக்கு இருந்த பக்கமாகத் திரும்பி, "கத்துனோம் தாயி," என்றார். "போகாதீங்க வாட்சரேன்னு கத்துனோம். நாலு பேரும் கத்துனோம்."

ராக்கு எழுந்து நின்றாள். "திரும்பிப் பாத்தாரா?" என்று கேட்டாள். ஆறு மாதத்தில் ஊரைப் பார்த்து அவள் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"ஒரு தடவை பாத்தாரு," என்றார் மூக்கையா. "பாத்துட்டு வெட்ட ஆரம்பிச்சுட்டாரு."

ராக்கு மறுபடியும் உட்கார்ந்தாள். வெளியே சங்கிலி துணியை அவிழ்த்து ஜீப்பின் பானெட்டில் வைத்துவிட்டு, மெதுவாக நடந்து வந்து வாசல்படியில் நின்றான்.

காசி, தவசி பெயர்களை மூக்கையாவே சொன்னார். அன்று சாயங்காலமே நான்கு பேரையும் போலீஸ் அடிவாரத்துக்குக் கொண்டுபோனது. ஊர் மறுவாரமே மஞ்சள் துணியைத் துவைத்து மடித்து வைத்துவிட்டது, அம்மன் கனவில் வந்து சொன்னதா என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் போதுமணியோடு யாரும் பேசவில்லை. வரிசையில் வந்து நின்றார்கள், விரலை வைத்தார்கள், பையை நீட்டினார்கள், போனார்கள். காசியின் மனைவி அரிசியை வாங்கி, அவள் கண்முன்னாலேயே கடை வாசலில் கொட்டிவிட்டுப் போனாள். போதுமணி விளக்குமாற்றை எடுத்துக் கூட்டி அள்ளினாள்.

ஐப்பசியில் அவள் கிளைச்சிறைக்குப் போய்க் கம்பிவலைக்கு இந்தப்பக்கம் நின்றாள். சங்கிலி இளைத்திருந்தான். அவனைப் பார்த்ததும் சொல்ல என்று வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது. "சாப்பிடுறீங்களா?" என்றாள். "ஏன் அப்படிப் பண்ணினேன்னு மொத நா ராத்திரி முழுக்க உன்னைத் திட்டினேன்," என்றான் அவன். கையை வலையில் வைத்தான். பாசி அப்படியே இருந்தது. "இங்க எல்லாரும் என்னன்னு கேக்குறாங்க. நான் சொல்லிர்றேன். மூடுறதில்ல." பிறகு, மாட்டுக்குத் தவிடு இருக்கிறதா என்று கேட்டான். இருக்கிறது என்றாள். அடுத்த மாதம் வருகிறாயா என்று கேட்டான். வருகிறேன் என்றாள்.

அவள் திரும்பி வந்த வாரம் ராக்குவுக்கு அரசாங்கக் காகிதம் வந்தது. குருவையா காட்டைக் காக்கும் பணியில் இறந்தார் என்று அதில் இருந்தது. பழைய இடத்திலேயே வீடு கட்டிக்கொள்ளலாம் என்றும் இருந்தது. ராக்கு அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, மதியம் கூட்டம் இல்லாத நேரத்தில் ரேஷன் கடைக்கு வந்தாள். பை கொண்டு வரவில்லை.

"ஆறு மாசம் ஆச்சு உனக்கு," என்றாள்.

"ஆமா மதினி."

"நீ சொன்னதையும் நான் மறக்க மாட்டேன். ஆறு மாசம் சொல்லாம இருந்ததையும் மறக்க மாட்டேன். ரெண்டுல எதையும் கழிச்சுக்க முடியாது என்னால."

"சரி மதினி."

ராக்கு வெளியே திரும்பிச் சரிவைப் பார்த்தாள். "உத்திரத்துக்கு மரம் வந்து கெடக்கு ரோட்டுல. ஒரு கை பிடிக்க ஊருல ஒருத்தனும் வரல. கடையைப் பூட்டிட்டு வா."

போதுமணி பூட்டிக்கொண்டு வந்தாள். எட்டு மரங்கள் கிடந்தன. ராக்கு தடித்த முனையைத் தனக்கு எடுத்துக்கொண்டு, "தூக்கு" என்றாள். தோள் மாற்றுவதற்காக மூன்று இடத்தில் இறக்கி வைத்தார்கள். பொழுது சாய்வதற்குள் மூன்று மரம் மேலே போய்ச் சேர்ந்தது. போதுமணியின் தோளில் தோல் உரிந்திருந்தது. ராக்கு அதைப் பார்த்தாள். தன் தோளில் சும்மாடாக மடித்து வைத்திருந்த துண்டை உருவி அவளிடம் எறிந்தாள்.

"நாளைக்கு இதைப் போட்டுக்கிட்டு வா," என்றாள். "இன்னும் அஞ்சு கெடக்கு."